பழைய போனில் உன் அளவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அத்தையும் இரண்டு தையல் மெஷின்களும் ஓட்டத்தில்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் வேண்டியது. தினமும் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனைப் பற்றிய குற்றத்தைப் போனிலேயே ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்லிவிடுவாய். உன்னோடு வேலை செய்கிற அக்கா லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். குற்றம் என்னவென்றால், அவளிடம் நீ அனுப்பிய புதுப் போன் மூன்று வாரமாக என் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் படுத்திருந்தது. நீ கேட்கும்போதெல்லாம் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது பொய். என் பேத்தி அனுப்பிய எட்டுப் பாடங்களை மட்டும் கேட்டேன், அது சத்தியம். "பாட்டி, இந்தப் போன்ல பின்னாடி போறதுக்கு பட்டன் இல்ல, ஓரத்துலேருந்து தள்ளுங்க, பூனைக்குட்டியத் தடவுற மாதிரி மெதுவா" என்று எட்டு வயதில் என்ன பொறுமையாகச் சொல்கிறாள்! கடைக்கு வருகிற ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிட்டேன். உன் அத்தைதான், "அண்ணி, பாடத்த ஊருக்கே எடுத்தாச்சு, நீங்க எப்ப படிக்கப் போறீங்க?" என்று குத்தினாள்.

நீ சொன்ன காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. உன்னிடம் இருப்பது ஐபோன், எனக்கும் அதே ரகம் இருந்தால் அங்கிருந்தே இதை அழுத்து அதை அழுத்து என்று சொல்லித் தரலாம். என் பழைய ஆண்ட்ராய்டு போனின் கண்ணாடியில் கீறல் விழுந்து பேத்தியின் கன்னம் இரண்டாகத் தெரிகிறது, மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் மாற்றப் பயமாக இருந்தது. அதில்தானே என் பிழைப்பே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், அளவை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் நிற்கிறவர்கள் தோளைத் தொங்கப் போட்டுவிடுவார்கள், எல்லாம் மாறிவிடும். நீ கிளம்பின வாரம்தான், எழுதாதே அம்மா, வாயால் சொல், போன் கேட்டு வைத்துக்கொள்ளும் என்று கற்றுக்கொடுத்தாய். அன்றிலிருந்து கடையில் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் போனைத் துணிப்பையோடு மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்கிறேன். நூற்று அறுபத்து மூன்று பேருடைய அளவு என் குரலில் இருக்கிறது. முதல் அளவு உன்னுடையது, அது மட்டும் உன் குரலில்.

எனக்குள் இருந்த எண்ணம் என்ன தெரியுமா, இதிலிருந்து எடுத்து அதில் வைத்தால் இதில் இருக்காது. நாற்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு ரவிக்கைக்கு வெட்டிய துணியில் இன்னொரு ரவிக்கை வராது. அதிலும் வேறு ரகப் போனுக்குப் போகும்போது தையல் பிரிந்து பாதி வழியில் எல்லாம் கொட்டிப்போனால், புதுசிலும் இல்லை பழசிலும் இல்லை என்று நிற்பேனே என்றுதான் பீரோவைத் திறக்கவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, பஸ் கண்டக்டர் பெண்ணுக்குச் சீருடை அளவெடுத்துக்கொண்டிருந்தேன், கை நீளம் சொல்லி முடிக்கவில்லை, ஆணியில் இருந்த போன் அணைந்துவிட்டது. சார்ஜில் போட்டோம், தட்டினோம், உன் அப்பா ஊதிக்கூடப் பார்த்தார், அது விழிக்கவே இல்லை. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மறுபடி அளவெடுக்கலாம், உன் குரலை எங்கே போய் எடுப்பேன்? டேப் கழுத்தில் தொங்க, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு, மருந்துக்கடைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் செய்கிறாளே, அவளிடம் ஓடினேன். அவள் பின்பக்கத்தைப் பிரித்து, பேட்டரியைக் கழற்றி வேறு ஒன்று வைத்து ஏதேதோ செய்து எழுப்பிவிட்டாள். "அம்மா, இத இனிமே நம்பாதீங்க, புதுப் போன் இருந்தா உடனே மாத்துங்க" என்றாள். அப்போதுதான் என் பயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இது துணி இல்லம்மா, வெட்டினா குறையறதுக்கு! நகல்தான் அங்க போகும், இங்க இருக்கறது இங்கயே இருக்கும். நூறு போன்ல வெச்சாலும் இது குறையாது" என்றாள். நான் நம்பவில்லை, கண் முன்னால் செய்து காட்டு என்றேன். பீரோவிலிருந்து புதுப் போனை உன் அப்பா கொண்டு வந்தார். பெயர்களும் படங்களும் தாமாகப் போய்விட்டன, அளவுகளை மட்டும் அவள் தனியாக எடுத்து ஒரு இடத்தில் சேர்த்து வைத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் இருந்ததைத் தட்டினாள்.

நீ பேசினாய். "தோள் பதினாலு, கை ஒம்பது, அம்மா கூசுதும்மா, எழுதாத, அதான் நான் சொல்றேன்ல!" அந்தச் சின்னக் கடை முழுக்க உன் சிரிப்பு. அதோடு முடியவில்லை. நம் இரண்டு பேருக்குமே பதிவை நிறுத்தத் தோன்றவில்லையே, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே நான், அவ்வளவு தூரம் போனதும் போன் பண்ணுவியாடி என்று கேட்கிறேன். "தினமும் பண்ணுவேன், நீ எடுத்தா போதும்" என்கிறாய் நீ. அதன் பிறகு மெஷின் சத்தம்தான். ஒன்பது வருஷம் ஆயிற்று கண்ணு. பிரசவத்துக்கு மறுநாள் கூட, குரலே வராமல், அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய். ஒரு நாள் தவறவில்லை. இதை உனக்கு நேரில் சொல்லியிருக்க மாட்டேன், எழுத்தில் சொல்கிறேன், நான் கொடுத்துவைத்தவள். ரிப்பேர்க்காரி பழசிலும் அதையே தட்டிக் காட்டினாள், அங்கேயும் இருந்தாய், குறையவே இல்லை. உன் அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, பழசு எனக்கு என்று இடம் பிடித்துவிட்டார். அது இனி வெளியே வராது, மேஜைமேல் இருந்து உன் சிரிப்பைப் போட்டால் போதுமாம்.

ஆகவே மாற்றிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் சிம் கார்டு இன்னும் பழசில்தான் இருக்கிறது. பழைய அளவுகள் தனியாக இருப்பதால், புதுசில் குரல் பதிவு செய்கிற இடம் காலியாக இருக்கிறது, அங்கே முதலில் யாரை வைப்பது என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நீ என் பேத்திக்கு டேப்பைப் பிடி, அவள் வாயால் எண்களைச் சொல்லட்டும், நீ சொல்லக் கூடாது. பழைய போனில் அவள் பேச, அதன் வாய்க்குப் பக்கத்தில் புதுசை வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். இறுக்கிப் பிடிக்காதே, டேப்புக்குள் ஒரு விரல் போக வேண்டும், வளர்கிற பிள்ளை. சொல்லி முடித்ததும் உடனே வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் அவளோடு ஏதாவது பேசிக்கொண்டிரு, நான் நிறுத்த மாட்டேன். அதற்குப் பிறகு கார்டை மாற்றுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு நீடூழி வாழ வேண்டும். டேப் இல்லை என்று சொல்லிவிடாதே, இந்தக் கடிதத்தோடு ஒன்று சுருட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா