நும் பான் சொக்கும் மதினியின் கோபமும்

மில்பிடாஸ், 2008

பாசமுள்ள காக்காவுக்கு,

நீங்கள் ஆசைப்பட்ட கம்போடியாவுக்குப் போய்வந்துவிட்டோம். உங்கள் தங்கச்சி நானும் உங்கள் மகள் சல்மாவும்தான். மதினி வரவில்லை. "அந்தச் சன்னாரி ஊருக்கா? நீங்க போய்ட்டு வாங்க" என்று முடித்துவிட்டார்.

மதினியின் கோபம் உங்களுக்குத் தெரிந்திருக்குமா? கீமோ நாள்களில் அவர் சமைத்த எதையும் நீங்கள் தொடவில்லை. கஞ்சியைக்கூடத் தள்ளிவைத்தீர்கள். உங்களோடு வேலை பார்த்த சன்னாரி ஒருநாள் தன் ஊர்ச் சாப்பாடு கொண்டுவந்தார். நமக்கு ஹலாலாக இருக்க வேண்டும் என்று புதுச் சட்டி வாங்கிச் சமைத்தாராம். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டீர்கள். மதினி அடுப்படிக்குள் போய்விட்டார். நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு சன்னாரியின் ஃபோனை அவர் எடுப்பதே இல்லை.

அதே சாப்பாட்டை இப்போது சன்னாரியின் சொந்த ஊரான பட்டாம்பாங்கில் சாப்பிட்டோம். விடுமுறைக்கு அங்கே வந்திருந்த அவரே எங்களைக் காலையில் சந்தைக்குக் கூட்டிப்போனார். பெயர் நும் பான் சொக். நம் இடியாப்பம் மாதிரி அரிசி நூடுல்ஸ். அதன் மேல் எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் அரைத்துவிட்ட மீன் குழம்பு. அதற்கும் மேலே பச்சையாக வாழைப்பூ, வெள்ளரிக்காய். ப்ராஹொக் என்று உப்பில் ஊறவைத்துப் புளித்த மீன் ஒன்று சேர்க்கிறார்கள். வாடை நம் கருவாட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். புதிதாகப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது சாப்பிட வேண்டும்.

சல்மா இரண்டாவது கிண்ணம் வாங்கினாள். "ஆன்ட்டி, வாப்பாவுக்கு ஏன் இது மட்டும் பிடிச்சுச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள்.

சன்னாரி கரண்டியைக் கீழே வைத்தார். "பிடிச்சுதுன்னு யார் சொன்னா? அவருக்கு எந்த ருசியும் தெரியலை. 'என் மனைவி சமையல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது வாயில மண்ணா இருக்கறதைத் தாங்க முடியலை. எனக்குப் பழக்கமே இல்லாத சாப்பாடா கொண்டு வா'ன்னு கேட்டார்."

இதை மதினியிடமே சொல்லியிருக்கக் கூடாதா காக்கா?

வந்ததும் சொன்னேன். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்தக் கொழம்புக்கு தேங்காப்பால் ஊத்துவாங்களா?" என்றார்.

"ஊத்துவாங்க மதினி."

"ஞாயித்துக்கிழமை சன்னாரிய வரச் சொல்லு. நான் கறி ஆக்குறேன்."

சன்னாரியும் விடுமுறை முடிந்து இங்கே திரும்பிவிட்டார்; அவருக்கு ஃபோன் பண்ணிவிட்டேன். நானே டிரைவ் பண்ணிப் போய்க் கூட்டிவருகிறேன். இனி இந்த இருவரையும் பிரியவிட மாட்டேன், காக்கா.

என்றும் உங்கள் தங்கச்சி,
நூர்ஜஹான்