கையை இறக்க யாரும் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

இவ்வளவு காலம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஜாசின் ஊரில் நான் நலம்.

தூக்கம் வராததால் டாக்டர் என்னை ஒரு யோகா குழுவுக்கு அனுப்பினார். சனிக்கிழமைதோறும் கோவில் மண்டபத்தில் நடக்கிறது. அடி உதை பட்டவர்கள், விபத்தில் பிழைத்தவர்கள் வருகிறார்கள். நடத்தும் ரெஜினா டீச்சர் யாரையும் தொடுவதில்லை, அதட்டுவதில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் எல்லாரும் கைகளைத் தூக்கி நின்றோம். "வலிச்சா இறக்கலாம், உங்க இஷ்டம்," என்றார் டீச்சர். ரப்பர் தோட்டத்தில் உத்தரவுக்கே பழகி வளர்ந்தவர்கள் நாங்கள், ஒருவரும் இறக்கவில்லை.

"இறக்குன்னு சொல்லுங்க டீச்சர்! இஷ்டம்னா எப்படிலா இறக்குறது?" என்றார் பக்கத்தில் நின்ற முனியம்மா அக்கா. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். கைகள் மட்டும் மேலேயே இருந்தன.

சின்ன வயதில், நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னை அப்படித்தான் நிற்க வைப்பீர்கள். தம்பியை ஒருநாளும் நிற்க வைத்ததில்லை. பட்டம் வாங்கி, தலை நரைத்த பிறகும் உங்கள் உத்தரவுக்குத்தான் காத்திருந்திருக்கிறேன். அன்று மண்டபத்தில் நானாகவே கைகளை இறக்கினேன்.

அம்மாவின் படம் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே சுவர் வெறுமையாக இருக்கிறது. மோர் மிளகாய் இருந்தால் அதுவும் கொஞ்சம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்' என்று எழுதி முடிப்பதுதான் என் வழக்கம். இன்று அதை எழுத மாட்டேன். வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.