ஓர் இடம் காலியானால்

ஜூன் 9
பெண் பார்க்க வந்தவர்களிடம், ஆய்வை முடிக்காமல் கல்யாணம் இல்லை என்று நானே சொன்னேன். அவர்கள் கார் களியக்காவிளை ரோட்டில் ஏறுவதற்குள் ஷாஜன் அண்ணன் என் வலது மணிக்கட்டைத் திருகினான். "ஏட்டி, பொடி இடிக்கதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" தடுக்க வந்த அம்மாவின் வாயில் முழங்கை. ஒரு பல் சிங்கில் விழுந்தது. அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

ஜூன் 11
ஆய்வகத்தில் இடது கையால் அரைத்தேன். லாந்தனம் ஆக்சைடு, தாமிர ஆக்சைடு, கொஞ்சம் ஸ்ட்ரான்சியம். ஸ்ட்ரான்சியம் சேராவிட்டால் மின்சாரம் ஓடாது. எலக்ட்ரான்கள் இல்லாமல் இல்லை. தாமிரத்துக்கு ஒன்றாக எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஒன்றையொன்று விரட்டும் பகையில் எதுவும் அசைய முடியாது. ஸ்ட்ரான்சியம் சிலவற்றை வெளியேற்றும். காலியான இடத்துக்குப் பக்கத்தில் உள்ளது நகரும் — பிறகு அதன் பக்கத்தில் உள்ளது. மின்சாரத்தைக் கடத்தாத காப்பான் உலோகமாகிவிடும்.

அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் நடக்கிறாள்.

ஜூன் 16
பொடியை அழுத்தி உலையில் வைத்த வில்லை, கறுத்து இறுகியிருந்தும் தொட்டதும் உதிர்ந்தது. சரியாக அரைபடாத லாந்தனம் மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கியிருக்கிறது.

"மக்கா, இது அரச்சதா, தடவிக் குடுத்ததா?" என்றான் ஆய்வகத்தில் கூட இருக்கும் பெனின். கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஆய்வுக் குழுவுக்கு முடிவு காட்டாவிட்டால் என்னை நீக்கிவிடுவார்கள். அப்புறம் அண்ணன் சொல்லும் மாப்பிள்ளை வீடுதான்.

ஜூன் 18
அண்ணன் அம்மாவின் தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை இல்லை. வில்லை அழுத்தும் எஃகு அச்சு என் பையில் இருந்தது. அவன் வலது கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நல்லாதான் இருந்துது. என்ன பிறவி நான்?

அம்மா என்னைத்தான் வெளியே தள்ளினாள். "போ மக்கா. கொன்னு போட்டுருவான்."

"நீயும் வா."

"நான் வந்தா அவனுக்கு யாரு சோறு வைப்பா?"

ஜூன் 20
நாகர்கோவிலில் வாடகை அறை. ஒற்றைக் கட்டில்.

ஜூன் 24
மணிக்கட்டு வலிக்க வலிக்க அரைத்தேன். இந்த முறை மாவாகும்வரை விடவில்லை.

ஜூலை 3
வில்லையைத் திரவ நைட்ரஜனுக்குள் இறக்கினோம். குளிரக் குளிர மின்தடை குறைந்துகொண்டே போனது. காப்பானாக இருந்தால் கூடியிருக்கும். உலோகம்.

"ஓடுது, பாத்தியா," என்றான் பெனின். எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 6
கதவைத் திறந்தால் அம்மா. ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. கையில் துணிப்பை.

"ஒனக்க கட்டில்ல எடம் உண்டா மக்கா?"

"அவனுக்குச் சோறு?"

"அவனுக்கு இன்னொரு கை இருக்குல்லா."

சுவரோரம் நகர்ந்து படுத்தேன்.