அதே பின் சீட்டு

அம்மாவுக்கு, மஸ்கட்டுலருந்து மாரீஸ்வரன் எழுதுறேன். நான் நல்லாருக்கேன். ஒங்க முட்டுவலி தேவலையா?

பதறாதீக, நான் ஒரு பழைய அம்பாசடர் காரு வாங்கிருக்கேன். ஒங்க தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி மொதலாளி காருதான். வெடிவிபத்துல வெந்து கெடந்த என்னப் பெத்த அய்யாவை ஆசுபத்திரிக்கு ஏத்தச் சொன்னப்ப, "சீட்டு பாழாயிரும்"னு கதவைச் சாத்துனாரே, அதே காரு. விக்கப் போறார்னு என் சேக்காளி பாலகுரு போன்ல சொன்னான். அவன் பேருலயே வாங்கச் சொன்னேன்.

"பாக்காம வாங்குறியே, எஞ்சின் கெட்டுருந்தா?"ன்னான்.

"கெட்டுருந்தா தள்ளிக்கிட்டு வாலே. பின் சீட்டு அதே சீட்டான்னு மட்டும் பாரு."

அதே சீட்டுதானாம்.

கடுதாசி கெடச்சதும் அவன்கிட்டச் சொல்லுங்க. சாயங்காலம் கம்பெனி வாசல்ல காரை நிறுத்துவான். அன்னைக்கு நீங்க கை கால் கழுவாதீக. சேலையெல்லாம் வெடிமருந்தோட அந்தச் சீட்டுல ஏறி, காலை நீட்டி உக்காருங்க. மொதலாளி வெளிய வரட்டும். வேலை போனாப் போகுது, நான் இருக்கேன்.

இங்கன சோறு எறங்கல. யாராச்சும் வந்தா பருப்புப்பொடி கொடுத்து விடுங்க. லாரி வந்துருச்சு, லோடு எறக்கணும்.

பொடியோட ஒரு போட்டோவும் வேணும். காரு தெரியாட்டியும் பரவால்ல. ஒங்க மொகமும் மொதலாளி மூஞ்சியும் ஒரே படத்துல விழணும்.

மாரீஸ்வரன்