ஒரு நாளைக்கு இரண்டு மணி

ஏப்ரல் 3
எனக்கும் தம்பி சின்னராஜுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. இன்று என் நாள். ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். பத்துக்குக் கிணறு வற்றியது. என் மரவள்ளிக்கு இவ்வளவு தேவையில்லை. ஆனாலும் முறை நாளில் சொட்டு விடாமல் இறைத்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மிச்சம் வைத்தால் பங்காளிக்குப் போய்விடுமாம். கணக்கு வாத்தியார் நானும் அப்படித்தான்.

ஏப்ரல் 6
தம்பியின் பாக்குக் கன்றுகள் நானூறும் நுனி கருகுகின்றன. "கன்னு போச்சுன்னா இங்க என்ன வேல? திருப்பூருக்குப் போயிரலாம்" என்கிறானாம்.

ஏப்ரல் 7
வகுப்பில் சொல்வேன்: லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், எட்டுப் பேர் சேரும்வரை காத்திருப்போமா? எட்டுக்கு மேல் கூடாது, அவ்வளவுதான். வாழ்க்கையில் சமக்குறி அபூர்வம். 'குறைந்தது', 'அதிகபட்சம்' — இவைதான் அதிகம்.

எழுதிப் பார்த்தேன். பதினான்கு நாளில் கன்றுகளுக்கு x மணி, மரவள்ளிக்கு y மணி. கன்றுகளுக்கு நாளைக்கு இரண்டு மணி வேண்டும் என்பான் தம்பி. மரவள்ளிக்கு மொத்தம் பதினாறு போதும். கிணறு தருவது நாளைக்கு நான்கு மணி.
x ≥ 28
y ≥ 16
x + y ≤ 56
அவனுக்கு ஏழு நாள், நான்கு நான்கு மணி — இருபத்தெட்டு. போதுமே! ஒழுங்காகப் பாய்ச்சவில்லை போல.

ஏப்ரல் 8
தாளோடு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் முகம் கொடுக்கவில்லை. அவன் மனைவி பாப்பாயிதான் முழுக்கக் கேட்டாள்.

"ஏனுங் மாமா, நாளைக்குச் சோத்தையும் இன்னிக்கே தின்னுபோட்டு, நாளைக்குப் பட்டினி கெடப்பீங்களா? கூட்டிப் பாத்தா சரியாத்தான் இருக்கும்!"

தம்பி சிரித்துவிட்டான். "முப்பது வருசம் கணக்கு சொல்லிக்குடுத்தவருடி, பாத்துப் பேசு."

மாலை: அவள் சொன்னதுதான் சரி. மணல் நிலம். ஒரே நாளில் நான்கு மணி விட்டால் பாதி கீழே இறங்கிவிடும். மறுநாள் வெயிலுக்கு வேரில் ஒன்றும் நிற்காது. நிபந்தனையை நான் மொத்தத்துக்கு எழுதிவிட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் எழுதியிருக்க வேண்டும். தினமும் x ≥ 2, தினமும் x + y ≤ 4. அப்படியும் மரவள்ளிக்கு நாளைக்கு இரண்டு மணி மிஞ்சுகிறது. பதினான்கு நாளில் இருபத்தெட்டு. வேண்டியதோ பதினாறு.

இத்தனை நாள் எவ்வளவு தண்ணியப் பாழாக்கிட்டேன்... சே.

ஏப்ரல் 9
என் நாள். எட்டு மணிக்கு வால்வைக் கன்றுகள் பக்கம் திருப்பினேன். தம்பி ஓடி வந்தான். "உங்க மொறத் தண்ணி எனக்கெதுக்குங்ணா? நாளைக்குப் பேச்சு வரும்."
"பேசறவன் பேசட்டும். கன்னு காயுது, உடு."
அவன் மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைச் சரிசெய்யப் போனான்.

ஏப்ரல் 13
என் நாட்களில் எட்டு மணிக்கு மேல் கன்றுகளுக்கு விடுகிறேன். கிணறு ஈடுகொடுக்கிறது.

ஏப்ரல் 21
முப்பத்தொரு கன்று போய்விட்டது. மற்றவற்றில் நடுக்குருத்து பச்சையாக வருகிறது.

ஏப்ரல் 26
தம்பியின் நாள். எட்டரைக்குப் போனால், என் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நான் கேட்கவே இல்லை. மோட்டார் பக்கம் அவனைக் காணோம்.

பாப்பாயி வரப்பிலிருந்து கத்தினாள்: "கன்னு குடிச்சிருச்சுங் மாமா! உங்குளுது வாடிக் கெடக்குதுன்னு இவருதான் திருப்பி உட்டாரு. அந்த முப்பத்தொண்ணு போன எடத்துல ஆடிக்கு வெக்கறதுக்குக் கன்னு சொல்லிவெக்க வாழப்பாடி போயிருக்காரு."