பூட்டிய அறையும் ஞானம் ஆன்டியின் எண்ணெயும்

ஜூன் 7, வெள்ளி

சிவப்பு நாற்காலிகளில் இன்னொன்றின் கால் உடைந்தது. உட்கார்ந்திருந்தவர் விழவில்லை. பாட்டை நிறுத்தாமலே எழுந்து நின்றுகொண்டார். சபை என்று சொல்லிக்கொள்கிறோம், சுங்கை வேயில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒரு வாடகை வீட்டின் ஹால்தான். சோபா போட வேண்டிய இடத்தில் என் பிரசங்க மேசை. பகலில் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன், சாயங்காலமானால் பாஸ்டர்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ரமணி அக்கா வந்தார். வீட்டுக்காரம்மா. மகனோடு காண்டோ அடுக்குமாடிக்குக் குடிபோனபோது, சாமி மேடைக்கு அங்கே இடமில்லை. அதனால் பின்னறையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு மீதி வீட்டை எங்களுக்கு விட்டார். வெள்ளிக்கிழமை வந்து விளக்கேற்றி, மணியடித்து, பூட்டிக்கொண்டு போவார். அவர் கார் முனை திரும்பியதும் எங்கள் ஜெபக்கூட்டம். சாம்பிராணி வாசனையிலேயே முதல் பாட்டைப் பாடிவிடுவோம்.

இதைச் சொன்னால் மற்ற பாஸ்டர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முன்பிருந்த செலாயாங் வீட்டை அக்கம்பக்கத்தாரின் டிரம் சத்தப் புகாருக்குப் பலி கொடுத்துவிட்டு அலைந்தபோது, சபைக்கு என்று தெரிந்தே வீடு கொடுத்தது ரமணி அக்கா ஒருவர்தான்.

ஜூன் 9, ஞாயிறு

ஞானம் ஆன்டி ஆராதனை முடிந்ததும் என்னை ஓரம் கட்டினார். எங்கள் முதல் விசுவாசி. வீட்டைக் கூட்டிப் பெருக்க வாசல் சாவி வைத்திருப்பவர்.

"பாஸ்டர், அந்த ரூம் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது."

"அப்ப முன்னாடி வந்து உக்காருங்க ஆன்டி."

"ஃபேன் பின்னாடிதானே இருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ரமணி அக்கா பின்னறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கதவு முழுக்க எண்ணெய். அவர் வைத்திருந்த குங்குமப் பொட்டெல்லாம் கரைந்து, சிவப்பாக வாசற்படி வரைக்கும் வழிந்திருக்கிறது. என் மனைவி ஷீபா துணி எடுக்க ஓடினாள்.

"தொடாதம்மா. தொட்டா உனக்கும் ஒட்டிக்கும்."

செய்வினை என்று நினைத்துவிட்டார். உள்ளே போகவே இல்லை. விளக்கேற்றாமல் திரும்பிப் போனார். அந்த முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பிறகு அவர் கணவர் தம்புசாமி அண்ணனின் போன். "தம்பி, யாரு செஞ்சாங்கன்னு நான் கேக்கல. மாசக் கடைசில வீட்டை விட்டுருங்க."

யார் செய்தது? சத்தியமா எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா யாரு நம்புவா?

ஜூன் 15, சனி

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். ஞானம் ஆன்டியின் பதில் உடனே வந்தது: "நான்தான் பாஸ்டர். புதன்கிழமை. ஜெபம் பண்ணின எண்ணெய். ஆமென்."

கீழே நாலு பேர் ஆமென் போட்டிருக்கிறார்கள்.

புது வீட்டுக்குப் போனால் நிலையில் எண்ணெய் பூசி ஜெபிப்பது எங்கள் வழக்கம்தான். நானே எத்தனையோ வீடுகளில் பூசியிருக்கிறேன். ஆனால் அது அவங்க கதவு ஆன்டி. அவங்க கதவு.

ஜூன் 16, ஞாயிறு

அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டே ஆன்டியை முறைத்தேன். நல்ல பாஸ்டர்.

இத்தனை பேரையும் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? இவர்களில் பாதிப்பேருக்குக் கார் கிடையாது. தூரம் போனால் வரமாட்டார்கள். சபை கலைந்துவிடும்.

ஷீபா சொன்னாள், "திட்டுனா வீடு திரும்பி வருமா? அவங்களைக் கூட்டிட்டுப் போய் அக்காகிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

சொல்லலாம். செய்வினை என்று அக்கா பயப்படுவது மோசமா, அவர் சாமியை நாங்கள் விரட்டப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்வது மோசமா?

ஜூன் 18, செவ்வாய்

டெங்கிலில் ஒரு வீடு. ஏஜென்ட், "சர்ச்சா? சாரி பாஸ்" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

அக்காவுக்கு நானே போன் செய்தேன். மகனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று தூங்காமல் இருக்கிறாராம். அதைக் கேட்ட பிறகு மறைக்க மனம் வரவில்லை. யார் செய்தது என்று தெரியும், வாருங்கள் என்றேன்.

வந்தார். முட்டி வலியோடு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஞானம் ஆன்டி ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் மறந்துவிட்டார்.

"நான்தான் பூசுனேன் அக்கா. கெட்டதுக்கு இல்ல. ஜெப எண்ணெய். உங்க ரூமைப் பாத்து எனக்கு பயம்."

"என் ரூமைப் பாத்து உங்களுக்கு பயம். உங்க எண்ணெயைப் பாத்து எனக்கு பயம். ஒரு வாரமா தூங்கல நான்."

அக்கா கையை நீட்டினார். ஆன்டி கைப்பையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். திறந்து முகர்ந்து பார்த்தார்.

"ஆலிவ் ஆயிலா?"

"ஆமாக்கா."

"இதை என் முட்டில தேச்சிருந்தாலும் பிரயோஜனம். கதவுக்கு என்னா வலியா?"

ஷீபாதான் முதலில் சிரித்தாள். ஆன்டி மட்டும் சிரிக்காமல் கேட்டார், "தேய்க்கட்டாக்கா?"

அக்கா காலை நீட்டினார். "தேய்ங்க. ஆனா மனசுக்குள்ள ஒண்ணும் சொல்லக்கூடாது."

ஆன்டி தரையில் உட்கார்ந்து தேய்த்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து கதவைத் துடைத்தார்கள். அக்கா உள்ளே போய் விளக்கேற்றினார். மணிச்சத்தம் கேட்டது.

ஆன்டியைக் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "பாஸ்டர், மனசுக்குள்ள சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"முட்டி சரியாகணும்னு. வேற ஒண்ணும் சொல்லல."

ஜூன் 22, சனி

தம்புசாமி அண்ணன்: "காலி பண்ண வேணாம்னு அவளே சொல்லிட்டா, நான் என்னா பண்றது. இருங்க லா. கதவுல மட்டும் கை வைக்காதீங்க."

நன்றி ஆண்டவரே. ஷீபா அழுதாள். நானும்தான்.

ஜூலை 26, வெள்ளி

ரமணி அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலி எண்ணெய்க்குக் கேட்கவில்லை என்று ஆன்டிக்கு வருத்தம். "டாக்டருக்குக் கேட்டுச்சுல்ல ஆன்டி" என்று தேற்றினேன்.

தம்புசாமி அண்ணன் வந்தார், கையில் பின்னறைச் சாவி. "அவளால இப்ப வர முடியாது. விளக்கெல்லாம் உங்களை ஏத்தச் சொல்லக்கூடாதுன்னுட்டா. ஜன்னலைத் தொறந்து காத்து விட்டா போதும், பூஞ்சை புடிச்சிரும்."

சாவியை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"ஞானத்துக்கிட்டதான் குடுக்கணுமாம்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆன்டி பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மேடையில் முருகன் படம், அணைந்த விளக்கு, சுவரில் மாலை போட்ட யாரோ ஒரு பெரியவர், மூலையில் ஒரு இஸ்திரிப் பலகை.

உள்ளே போனார். ஜன்னலைத் திறந்தார். அப்புறம் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். எனக்குத் திக்கென்றது.

எடுத்தது ஒரு துணி.

மேடையைத் தொடவில்லை. ஜன்னல் கம்பியையும் தரையையும் துடைக்க ஆரம்பித்தார். "ஒரே தூசி பாஸ்டர். அக்கா வந்து பாத்தா என்னைத்தான் கேப்பாங்க. நீங்க ஆரம்பிங்க."

ஆரம்பித்தோம். இரண்டாவது பாட்டில் ஆன்டியின் குரலும் சேர்ந்துகொண்டது, பின்னறைக்குள்ளிருந்து.