வெண்குறுமீன் மீன் இல்லை

மே 4, திங்கள்

கத்திரி ஆரம்பம். பத்து மணிக்கே தார் ரோடு இளகுகிறது. பஞ்சர் கடையை மகன் செல்வம் பார்த்துக்கொள்கிறான். நான் எழுதுகிறேன். நானே! என் கையால்! ஒரு வரி முடிவதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. ஆறட்டும்.

மேனாம்பேடு சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்க மாலை வகுப்பு. ஜெனிபர் டீச்சர் (பிளாட்டில் குடியிருப்பவர், கம்ப்யூட்டர் வேலை) பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் ஒன்று கொடுத்தார். எழுந்து நின்று உரக்கப் படித்தேன்: "வெண்குறுமீன் வெடிக்கும்." எண்ணெய்ச் சட்டியில் நெத்திலி வெடிக்கும், பார்த்திருக்கிறேன். அப்படியே சொன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

"மீன் இல்லங்கய்யா, நட்சத்திரம். எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம்" என்றார் டீச்சர்.

வீட்டில் தங்கச்சி ரோசியிடம் சொன்னேன். "வானத்துல மீனா? கொயம்புக்கு ஆவுமாண்ணா, வறுக்கத்தான் ஆவுமா?"

மே 6, புதன்

அனல். கரண்ட் இரண்டு தடவை போனது. புத்தகத்தில் மூன்று பக்கம் முடித்தேன். தெரிந்துகொண்டது:

– வெண்குறுமீன் பூமி அளவுதான். கனம் சூரியன் அளவு. ஒரு ஸ்பூன் அள்ளினால் ஒரு லாரிக் கனம்.

– பக்கத்தில் ஜோடி நட்சத்திரம் இருந்தால் அதன் வாயுவை உறிஞ்சும். உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

– அதற்கு ஒரு வரம்பு. எட்டினால் முழுசாக வெடிக்கும். மிச்சம் ஒன்றும் கிடையாது. ஜோடி தூக்கி எறியப்பட்டுத் தனியாக ஓடும்.

– உலகத்து இரும்பில் பெரிய பங்கு இப்படி வெடித்ததில் வந்தது. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும்.

கடைக்குப் போய் செல்வத்திடம் சொன்னேன், கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்தி. "டயருக்குக் காத்து அடிக்கிற மாரிதாண்டா! அளவு தாண்டுச்சுனா டமால்!"

"நைனா, கஸ்டமர் நிக்கிறாரு. நட்சத்திரத்த சாய்ங்காலமா வெடி."

டமால் என்று சொன்ன வாய் மூடவில்லை. ஆரோக்கியம் ஞாபகம். ரோசியின் புருஷன், என் கடைக் கூட்டாளி. பாரிவாக்கத்து லாரி டயர். காற்று அடித்தது நான். டயரைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் இரும்பு ரிங் தெறித்தது. டீ வாங்கி வந்து குனிந்தவனுக்கு நெற்றியிலிருந்து தாடை வரை முகம் இல்லை. டீ கிளாஸ் மட்டும் உடையாமல் கையில். கூரைத் தகரத்தில் அவன் பல். செல்வத்துக்கு அப்போது ஏழு வயது. ரோசி அன்றிலிருந்து என் வீட்டில்.

டீ வாங்கப் போகும்முன் அந்த டயரில் சாக்பீஸால் ஏதோ எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். லாரிக்காரன் பெயர் என்று நினைத்தேன். கேட்டவர்களிடம் லாரி நம்பர் என்றேன். ரோசியைப் பெண் கேட்டு வந்தபோதே அவனிடம் நான் அஞ்சாவது வரை படித்ததாகச் சொல்லியிருந்தேன். கடைசிவரை நம்பினான்.

எழுத்து ரத்தத்தில் அழிந்துவிட்டது. அதன் உருவம் என் கண்ணில் அழியவில்லை. அதைப் படிக்கத்தான் இந்த வயதில் வகுப்பு. எழுத்தெல்லாம் வந்துவிட்டது, அந்த உருவத்தைக் கூட்டிப் பார்க்கத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை. யாருக்கும் தெரியாது.

மே 8, வெள்ளி

புழுக்கம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக டீச்சர் பலகையில் ண எழுதினார். மூன்று சுழி. அடுத்து வ-வுக்கு முன்னால் இரட்டைக் கொம்பு, வே. சாக்பீஸ் தூள் உதிர்ந்தது. என் காதில் டமால். எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்து பக்கத்து ஆள் கால்மேல் விழுந்தது.

"இன்னா பெர்சு, பேய் புட்ச்சிகிச்சா?"

பலகைக்குப் போனேன். கண்ணில் இருந்த உருவத்தை ஒவ்வொன்றாக எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

காத்து வேணாம்.

ரிங்கில் விரிசல் பார்த்திருக்கிறான்.

முதலில் வந்தது சந்தோஷம். இங்கே பொய் எழுத மாட்டேன். படித்துவிட்டேன் என்ற சந்தோஷம். அதற்குப் பிறகுதான் வாந்தி.

மே 9, சனி

ரோசி சமையல்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். அஞ்சாவது படித்த பொய், சாக்பீஸ், எல்லாம்.

கொஞ்ச நேரம் செதில் தேய்த்தாள். பிறகு சட்டியைத் தூக்கி அடித்தாள். மண் சட்டி, என் நெற்றியில் உடைந்தது. "உனுக்குப் படிக்கத் தெரியும்னு நம்பி எய்தி வச்சிட்டுப் போயிருக்காருடா! கொன்னுட்டியேடா! இத்தினி வர்சம் உனுக்குச் சோறாக்கிப் போட்டேனே!"

அரிவாள்மணையைத் தூக்கினாள். செல்வம் ஓடிவந்து பிடித்தான், பிடித்தது வெட்டுப் பக்கம். எனக்கு நாலு தையல், அவன் உள்ளங்கையில் ஆறு.

நாக்கில் ரத்தம். இரும்பு ருசிதான். புத்தகம் சரி.

மே 10, ஞாயிறு

மேகம், மழை இல்லை. யாரும் பூசைக்குப் போகவில்லை. அடுப்பு மூட்டவில்லை. செல்வம் ஒரு கையால் கடை திறந்தான்.

சாயங்காலம் ரோசி வந்து என் மடியில் ஒரு சாக்பீஸைப் போட்டாள். "அவுரு எய்துன மாரியே எய்து."

சமையல்கட்டுத் தரையில் எழுதினேன். கா-வின் கால் கோணல். அவன் அப்படித்தான் எழுதியிருந்தான். அவள் குந்தி உட்கார்ந்து தொடாமல் பார்த்தாள்.

"இதுல 'வேணாம்' எது?"

காட்டினேன்.

மே 11, திங்கள்

வெயில். தையல் அரிக்கிறது. ரோசி அடுப்பு மூட்டினாள். தரை கூட்டினாள். எழுத்தைச் சுற்றிக் கூட்டினாள்.